நூற்று முப்பத்தேழு பேர்

ஜெர்மனியின் ஆஹென் நகரத்துக்கு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் வேதவல்லி முன்பின் தெரியாத ஒருத்தரிடம் வலியப் போய்ப் பேசினாள். அதுவும் ஒரு சுவரொட்டியில் இருந்த தப்பைச் சொல்வதற்காக.

1971 அக்டோபர் மாதம். பேருந்து நிறுத்தத்தில் அந்தச் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். ஊரில் தனியாக வாழும் முதியவர்களுக்காக உழைக்கும் ஒரு சின்னத் தொண்டுச் சங்கத்தினுடையது. இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிடத் தனியாக வாழும் கிழவர் கிழவிகள் இப்போது இரண்டு மடங்கு என்பது செய்தி. அதைக் காட்ட இரண்டு கிழவிகளை வரைந்திருந்தார்கள். இரண்டாமவள் முதலாமவளைவிட இரண்டு மடங்கு உயரம். உயரத்தை இரட்டித்தவர்கள் அகலத்தையும் சேர்த்து இரட்டித்துவிட்டதால், பார்க்கிறவர் கண்ணுக்கு அவள் நாலு மடங்காகத் தெரிந்தாள். வேதவல்லி கைப்பையிலிருந்து நூல் ஒன்றை எடுத்து அளந்தே பார்த்துவிட்டாள். சந்தேகமே இல்லை.

இந்தத் தப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்த தப்பு. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் ஏழு வருஷம் படம் வரைந்தவள் அவள். திட்ட அறிக்கைகளுக்கு நெல் மூட்டைகள், கைத்தறிகள், பள்ளிக்கூடக் கட்டடங்கள். எண்ணிக்கை கூடினால் மூட்டை பெரிதாகக் கூடாது, இன்னொரு மூட்டை வர வேண்டும் என்பது அந்த வேலையில் முதல் நாள் பாடம்.

கணவன் சேஷாத்ரி உலோகவியல் ஆராய்ச்சிக்காக வந்தவன். காலை ஏழரைக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போனால் சாயங்காலம் ஏழு ஏழரைக்குத் திரும்புவான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கடைக்குப் போனால் சாமான்களைத் தானே எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம், யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. ஒருநாள் கணவனிடம் "வந்தேளா" என்று கேட்டபோது தன் குரலே கரகரவென்று ஒலித்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சங்கத்தின் விலாசம் சுவரொட்டியின் அடியில் இருந்தது. மூன்று நாள் அவள் வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிப் பார்த்தாள். மாலை வகுப்பில் ஒரு வருஷம் படித்தும் ஜெர்மன் வினைச்சொல் எங்கே போய் உட்காரும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. தமிழ் மாதிரி கடைசியில் வரும் என்று நம்பினால் நடுவில் வந்து நிற்கும். நடுவில் வைத்தால் ஆசிரியர் கடைசிக்குத் தள்ளுவார். நாலாம் நாள், வருவது வரட்டும் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு தேவாலயத்துக்குப் பின்னால், பழைய துணிக் கிடங்கின் மாடியில் இருந்தது அலுவலகம். தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் சிகரெட்டும் கையுமாக ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைமுடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். சங்கத்தின் செயலாளர், திருமதி லென்சன்.

கட்டி வைத்த வாக்கியமெல்லாம் வேதவல்லிக்கு மறந்துபோயிற்று.

"உங்கள் கிழவி ரொம்பப் பெரியவள்" என்றாள்.

"எந்தக் கிழவி? பெயர் என்ன?" என்று லென்சன் பதிவேட்டைத் திறந்தாள்.

வேதவல்லி மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுத்தாள். ஒரு கிழவியை வரைந்தாள். பக்கத்தில், அதே உயரத்தில் இரண்டு கிழவிகளை வரைந்தாள். அதற்குக் கீழே சுவரொட்டியில் இருந்த மாதிரி ஒரு பெரியவளை வரைந்து, அவள் உடம்புக்குள் சின்னவளை நாலு தடவை அடைத்துக் காட்டினாள்.

லென்சன் கொஞ்சநேரம் பார்த்தாள். "சரி, நாலு மடங்கு என்று நினைத்துக்கொள்ளட்டுமே. உதவிக்கு இன்னும் நாலு பேர் வருவார்கள்."

"யாராவது அளந்து பார்த்தால்?"

"சுவரொட்டியை யார் அளப்பார்கள்?"

"நான் அளந்தேன்."

லென்சன் சிகரெட்டை அணைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அப்படித்தான் அவளுக்கு அந்த வேலை வந்தது. சம்பளம் கிடையாது. சங்கத்தின் தொண்டர்கள் அந்தக் குளிர்காலத்தில் தனியாக வாழும் அறுநூற்று நாற்பது முதியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, பன்னிரண்டு கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். அந்தத் தாள்களை வகை பிரித்து, எண்ணி, மார்ச் மாதக் கண்காட்சிக்கு ஆறு பெரிய படங்களாக வரைய வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வேதவல்லி மாடியேறிப் போனாள். லென்சன் அதிகம் பேசுகிற ரகம் இல்லை. ஆனாலும் ஒரே அறையில் இன்னொருத்தி தட்டச்சு அடிக்கிற சத்தம் இருந்தது. பதினோரு மணிக்குக் காப்பி வந்தது. "பால் விடவா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தது.

கோட்டும் கைப்பையுமாக நிற்கும் ஒரு கிழவியையும், கைத்தடி ஊன்றிய ஒரு கிழவரையும் லினோலியம் என்கிற தரைவிரிப்புத் துண்டில் செதுக்கி அச்சுக்கட்டை செய்துகொண்டாள். ஓர் உருவம் என்றால் பத்துப் பேர். யார் வீட்டில் குளிர்காயும் அடுப்பு இருக்கிறது, யாருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, யாருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வரிசை வரிசையாக உருவங்கள் நின்றன. ஐந்து படங்கள் சிரமமில்லாமல் முடிந்தன.

ஆறாவது படம் ஏழாம் கேள்விக்கானது. நேற்று நீங்கள் எத்தனை பேரோடு பேசினீர்கள்?

தாள்களை நாலு அடுக்காகப் பிரித்தாள். யாருமில்லை என்ற அடுக்கில் நூற்று முப்பத்தாறு தாள்கள் சேர்ந்தன. ஒரு தாள் மட்டும் எந்த அடுக்கிலும் சேரவில்லை. அதில் பதிலாக எண்ணிக்கை எதுவும் இல்லை. அந்த வீட்டு முதியவர் சொன்ன பதிலை, கேட்க வந்த பெண் அப்படியே எழுதியிருந்தாள்: "இன்று, உங்களோடு."

"இதை எதில் சேர்ப்பது?" என்று லென்சனிடம் நீட்டினாள்.

லென்சன் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். "கேள்வி நேற்றைப் பற்றியது" என்றாள்.

அப்படியானால் யாருமில்லை. நூற்று முப்பத்தேழு. பதின்மூன்று உருவங்கள் போக ஏழு பேர் மிச்சம். பதினாலாகப் போட்டுவிடு, அல்லது ஏழையும் விட்டுவிடு என்றாள் லென்சன். இந்தத் தொழிலில் வழக்கம் வேறு ஒன்று: பத்தில் ஏழு பங்கு உருவத்தை மட்டும் அச்சிட்டு மீதியை வெட்டிவிடுவார்கள். நெல் மூட்டையை வேதவல்லி எத்தனையோ தடவை அப்படி வெட்டியிருக்கிறாள். இந்தக் கிழவியைத் தோளோடு வெட்ட அவளுக்குக் கை வரவில்லை.

"இந்த ஒரு படத்தில் மட்டும் ஓர் உருவம் என்றால் ஒரே ஆள்" என்றாள்.

நூற்று முப்பத்தேழு தடவை அச்சுக் குத்தினாள். ஒவ்வொரு உருவத்துக்கும் நடுவில் நன்றாக இடம் விட்டாள். ஒருத்தர் தோள் இன்னொருத்தர் மேல் படாமல். படம் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் போயிற்று.

அந்த நாட்களில் ஒரு வெற்றுக் கேள்வித்தாளை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஜெர்மன் எழுதிப் பழகலாம் என்றுதான். வயது முப்பத்திரண்டு. எந்த மாடி, மூன்றாவது. வீட்டில் எத்தனை பேர், இரண்டு. ஏழாம் கேள்விக்கு வந்தபோது யோசித்துப் பார்த்தாள். முந்தின நாள் அலுவலகம் இல்லாத நாள். யாருமில்லை என்று எழுதினாள். எழுதினதை மேஜைமேலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சேஷாத்ரி வந்து கோட்டைக் கழற்றும்போது அதைப் பார்த்தான்.

"வேதா, இது என்ன?"

"சும்மா. எழுதிப் பார்த்தேன்."

"நேத்திக்கு நான் உன்னோட பேசினேனே?"

"என்ன பேசினேள், சொல்லுங்கோ."

அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ரசம் நன்னா இருக்குன்னு சொன்னேன்."

"அது முந்தாநாள்."

அவனுக்குக் கோபம் வரும் என்று அவள் நினைத்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளை முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை படித்தான்.

"ரெண்டு மாசமா என் உலோகக் கலவை எல்லாமே விரிசல் விடறது. புரொஃபசர் என்னைத் தாண்டிப் போறார், குட் மார்னிங்கூடச் சொல்றதில்லை. பக்கத்து டேபிள்காரன் மைக்ராஸ்கோப்பிலேர்ந்து கண்ணையே எடுக்கமாட்டான்." அவன் தாளை மடித்தான். "இதை என்கிட்ட குடுத்திருந்தா நானும் இதையேதான் எழுதியிருப்பேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ ஏன் கேக்கலை?"

அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். சாதம் பரிமாறினாள். சாப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அவன் வீட்டுக்குள் நுழையும்போது அன்றைக்கு விரிசல் விட்டதா இல்லையா என்பதை மட்டும் சொல்ல ஆரம்பித்தான். பெரும்பாலும் விட்டிருந்தது.

கண்காட்சி நன்றாக நடந்தது. ஐந்து படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்த ஜனங்கள் ஆறாவதன் முன்னால் நின்றார்கள். சிலர் விரலால் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். வாரம் ஒருநாள் ஒரு முதியவர் வீட்டுக்குப் போய் வருகிறோம் என்று நாற்பது பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். வேதவல்லியும் கொடுத்தாள். "உங்கள் ஜெர்மனை வைத்துக்கொண்டா?" என்று லென்சன் தயங்கினாள். ஆனால் புர்ட்ஷைட் பகுதியில் திருமதி ஹோஃபன் என்று ஒரு கிழவி, அனுப்பிய மூன்று தொண்டர்களையும் அதிகம் பேசுகிறார்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தாள். அங்கே வேதவல்லியை அனுப்பினார்கள்.

எண்பத்தொரு வயது ஹோஃபன் ஊசித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ஊசிக் காதுகளைச் சோதித்தவள். கண் இப்போது பாதிதான் தெரிந்தது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேதவல்லி போவாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பேசினால் உண்டு, பேசாவிட்டாலும் உண்டு. அதே மாடியில், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ட்ரூடே என்று இன்னொரு கிழவி. பத்து வருஷத்துக்கு முன்னால் எதற்காகவோ சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு ஒருத்தி சுவரைத் தட்டுவாள், மற்றவள் திருப்பித் தட்டுவாள். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

"கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு வந்தார்களே, அவர்களிடம் யாரோடும் பேசவில்லை என்று ட்ரூடே சொல்லியிருக்கிறாள்" என்றாள் ஹோஃபன், ஆத்திரத்தோடு. "வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்போது நான் தட்டுவது என்னவாம்?"

அடுத்த குளிர்காலத்தில் தொண்டர்கள், தாள்களின் எண்ணை லென்சனின் பதிவேட்டில் பார்த்து, அந்த நூற்று முப்பத்தேழு வீடுகளுக்கு மட்டும் மறுபடியும் போனார்கள். ஒரு வருஷத்தில் என்ன பலன் என்று பார்ப்பதற்காக. பிப்ரவரியில் தாள்கள் வந்தன. யாருமில்லை என்ற அடுக்கில் இப்போது தொண்ணூற்று நாலு பேர். சங்கத்தின் நிர்வாகக் குழு துண்டறிக்கைக்கு வாசகம்கூட எழுதி அனுப்பிவிட்டது: "ஒரே வருஷத்தில் நாற்பத்து மூன்று பேர் தனிமையிலிருந்து மீண்டார்கள்." வேதவல்லி அதற்குப் படம் வரைய வேண்டும்.

அவள் வழக்கம்போலத் தாள்களை முதலில் எண்ணினாள். நூற்றுப் பதினொன்றுதான் இருந்தன. மிச்சம் இருபத்தாறு தாள்கள் தனி உறையில் கிடந்தன. அவற்றில் கேள்விகள் நிரப்பப்படவில்லை. மேலே குறுக்காக ஒரே வார்த்தை: இறந்துவிட்டார்.

"பேச ஆள் கிடைத்தவர்கள் பதினேழு பேர்தான்" என்றாள் லென்சனிடம். "மற்ற இருபத்தாறு பேர் மீளவில்லை."

"தெரியும்."

"தெரிந்துமா?"

"குழுவுக்கும் தெரியும். ஒரு வருஷ வேலைக்குப் பதினேழு பேர் என்று சொன்னால் அடுத்த வருஷம் யார் வருவார்கள்? வருகிறவர்கள் குறைந்தால் நஷ்டம் யாருக்கு? இன்னும் இருக்கிற தொண்ணூற்று நாலு பேருக்கு." லென்சன் குரலை உயர்த்தவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதுதான் வேதவல்லிக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுத் தரையில் காகிதத்தை விரித்து அவள் தன் படத்தைப் போட்டாள். தொண்ணூற்று நாலு பேர் முன்போல ஒருத்தர் மேல் ஒருத்தர் படாமல் நின்றார்கள். பதினேழு பேருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் அதில் உட்கார்ந்த ஓர் ஆளும். இருபத்தாறு இடங்களில் அச்சே குத்தவில்லை. உருவம் நிற்க வேண்டிய இடத்தில் தரைக்கோடு மட்டும் இருந்தது.

குழுக் கூட்டத்தில் அதைச் சுவரில் மாட்டிக் காட்டினாள். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. ஆனால் இது இரங்கல் செய்தி. நாங்கள் கேட்டது அழைப்பிதழ்" என்றார். வேதவல்லி பதில் சொல்ல முயன்றாள். வினைச்சொல் வரவில்லை. அவள் லென்சனைப் பார்த்தாள். லென்சன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. வாக்கெடுப்பில் அவள் கையும் மற்றவர்களோடு உயர்ந்தது.

அச்சகத்தில் வேறு ஒருத்தரை வைத்துப் படம் போட்டுக்கொண்டார்கள். சிரித்த முகத்தோடு நாற்பத்து மூன்று பேர். அடியில் எப்போதும் போல வேதவல்லியின் பெயரையும் சேர்க்கட்டுமா என்று லென்சன் கேட்டபோது, வேண்டாம் என்றாள். அச்சுக்கட்டைகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடியிறங்கி வந்தாள். அதன்பிறகு அங்கே போகவில்லை. பதினோரு மணி ஆனால் வீட்டில் தானே காப்பி போட்டுக்கொண்டாள். ஜன்னலோரம் நின்று குடித்தாள். பழைய மாதிரியே நாட்கள் நீண்டன. பழைய நாட்களில் இல்லாத ஒன்று இப்போது கூடியிருந்தது. எதை இழந்தோம் என்பது தெரிந்திருந்தது.

வியாழக்கிழமைகளை மட்டும் அவள் விடவில்லை. மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஹோஃபன் மடியில் அந்தத் துண்டறிக்கையும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தாள். தபாலில் வந்ததாம். ட்ரூடே ஜனவரியில் இறந்துபோயிருந்தாள். ஒருநாள் காலை எட்டு மணிக்குச் சுவர் சத்தம் போடவில்லை. ஹோஃபன்தான் போலீசைக் கூப்பிட்டாள்.

"இதில் ட்ரூடே எங்கே?" என்று கேட்டாள்.

வேதவல்லிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இந்த நாற்பத்து மூன்று பேரில்."

"இந்தச் சிரிக்கிறவர்களிலா?"

"ஆமாம்."

ஹோஃபன் பூதக்கண்ணாடியை ஒவ்வொரு முகத்தின் மேலும் நகர்த்தினாள். "ட்ரூடேக்கு மேல்வரிசைப் பல்லே கிடையாது" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தி, "காகிதம் எடுங்கள். நான் சொல்கிறதை எழுதுங்கள். கையெழுத்தை நான் போடுகிறேன்" என்றாள்.

கடிதத்தில் மூன்றே வரி. "என் பக்கத்து வீட்டுக்காரி உங்கள் நாற்பத்து மூன்று பேரில் இருக்கிறாள். ஜனவரியில் அவளை அடக்கம் செய்தோம். தயவுசெய்து அவளை அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்."

அதை வேதவல்லி போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டாள். மே போயிற்று, கோடை போயிற்று. பதில் வரவில்லை. அக்டோபரில் வீட்டுக்கு ஒரு நீள உறை வந்தது. விலாசம் லென்சனின் தட்டச்சில் இருந்தது, எந்த எழுத்து எங்கே தேய்ந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே கடிதம் இல்லை. துண்டறிக்கையின் இரண்டாம் பதிப்பு மட்டும். படம் அதே படம்தான். அடியில் பொடி எழுத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "இவர்களில் இருபத்தாறு பேர் அந்த வருஷத்தில் இறந்துவிட்டார்கள்." படம் ஒன்று சொல்லிற்று, வரி வேறொன்று சொல்லிற்று. வேலை தெரிந்தவர் யாரும் இப்படி அச்சிட விடமாட்டார்கள்.

சாயங்காலம் சேஷாத்ரி வந்ததும் அவனிடம் காட்டினாள்.

"நீ போட்ட படம் எங்கே?" என்றான் அவன். "நான் அதைச் சரியா பாக்கவே இல்லையே."

பீரோவுக்கு மேலிருந்து சுருளை இறக்கினாள். தரையில் விரித்தபோது அது தானாகச் சுருண்டுகொண்டது. ஒரு முனையில் அவள் கையை வைத்துக்கொண்டாள், மறுமுனையில் அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவன், முதல் வெற்றிடத்தில் நின்றான்.

"இங்க அச்சு விழலையா?"

"அவா இல்லை."

மீதி வெற்றிடங்களை உதடு அசைய எண்ணினான். வீட்டில் அதை மாட்டும் அளவுக்குச் சுவர் இல்லை. மறுபடியும் சுருட்டி மேலே வைத்தார்கள்.

வியாழக்கிழமை அவள் துண்டறிக்கையை ஹோஃபனிடம் கொண்டுபோனாள். கிழவி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இவ்வளவு சின்ன எழுத்தா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வாசியுங்கள்."

வேதவல்லி வாசித்தாள்.

"இன்னொரு தடவை. சத்தமாக."

வாசித்தாள். ஹோஃபன் தலையாட்டிவிட்டு, துண்டறிக்கையை மடித்துத் தையல் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை தூறிற்று. நாலு மணிக்கு வேதவல்லி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, ட்ரூடே வீட்டுக் கதவில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் வேகமாகப் படியிறங்கினாள்.